‘காட்டான்’ என்னும் வசையும் வன்னிக் காட்டுத் தொழிலாளியும்

நாகரிகம் அற்றவன் ஒருவனைச் சுட்ட நம்மவர் நாவில் எளிதாக எழும் சொல் ‘காட்டான்’ என்பதாகும். விடுதியிலே உரத்துச் சிரிப்பவன் காட்டான். விரிவுரை மண்டபத்துக்குச் சாரத்துடன் வந்துவிட்டவன் காட்டான். முள்ளுக்கரண்டியைப் பிடிக்கத் தெரியாதவனும் காட்டான். இச்சொல்லை வழங்குவோரிற் பெரும்பாலானோர் காட்டைப் பேருந்தின் யன்னலூடாக மாத்திரமே கண்டவர்கள். ஏ-9 வீதியிலே மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையிற் கண்ணயர்ந்து, வவுனியாவிலே தேநீருக்காக விழித்துக்கொள்பவர்கள். அவர்கள் உறங்கிக் கடந்த அந்த மரச்செறிவினுள் ஒரு மனிதன் உழைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவர்கள் நினைவில் எழுவதில்லை.

இது நாத்தவறு, பழக்கதோஷம் என்று தள்ளிவிடத்தக்க விடயமன்று. காட்டில் உழைப்பவனைப் பண்பாட்டுக்குப் புறம்பானவன் என இச்சொல் தீர்ப்பிடுகிறது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக நமது காட்டுச் சட்டங்களும் அவனைச் சட்டத்துக்குப் புறம்பானவன் என்றே தீர்ப்பிட்டு வந்துள்ளன. வசையும் சட்டமும் ஒரே பார்வையின் இரு வடிவங்கள் என்பதே நாம் இங்கு நிறுவ முற்படுவது.

முதலில் இம்மனிதன் யார் என நோக்குவோம். முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் உட்கிராமங்களில், அதாவது பழைய அடங்காப்பற்றின் காட்டோர ஊர்களில், இவனைக் காணலாம். இவனை விவசாயி என்பதா, கூலியாள் என்பதா, தேனெடுப்பவன் என்பதா, இடையன் என்பதா? தொழில் எனும் கூற்றின் எதிரே ஒரேயொரு சொல்லை எழுத இடம்விடும் அரசாங்கப் படிவம் இவனுக்குப் பொருந்துவதில்லை. குளத்தின் கீழே சிறிது வயல் இருந்தால் காலபோகம் செய்வான். குளத்தில் நீர் எஞ்சினாற் சிறுபோகமும் உண்டு. ஆடியிற் காடு வெட்டி, ஆவணியில் எரித்து, மழைக்கு முன் குரக்கனும் சோளமும் உழுந்தும் எள்ளும் சேனையில் இடுவான். பட்டிமாட்டைக் காட்டில் மேயவிட்டு மாலையில் மணியோசை கேட்டுத் தேடிப் போவான். வைகாசி தொடங்கித் தேன், அதனையடுத்துப் பாலைப்பழம். இடையில் வேலி அடைக்கக் கம்பும் வரிச்சும், வீடு மேயப் புல்லும் எடுப்பான். எங்கேனும் தெரு வேலையோ அரிவு வெட்டோ அகப்பட்டாற் கூலிக்கும் போவான். இத்தனையும் சேர்ந்தாற்றான் ஓர் ஆண்டு கழியும். இவற்றுள் ஒன்றைத் தடுத்தாலும் அவ்வாண்டிலே பசி நுழைய ஒரு வாயில் திறந்துவிடும். காட்டை ‘ஓய்வுக்குரிய இடம்’ எனக் கருதிப் பழகியோர் விளங்கிக்கொள்ள மறுக்கும் உண்மை இது.

தேனெடுத்தலை மட்டும் சற்று விரித்துக் கூறலாம். நெடுங்கேணிப் பக்கத்தில் எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் உள்ளார். பாடசாலையிற் சில ஆண்டுகளே படித்தவர். வரட்சிக் காலத்திலே மடுவின் ஓரத்திற் குந்தியிருந்து, நீர் அருந்த வரும் தேனீக்களை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நீர் கொண்டு எழும் தேனீ எந்தத் திசையில் நேராகப் பறக்கிறது, சென்றது மீண்டுவர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கவனிப்பார். பின்னர் வேறோர் இடத்தில் நின்று அதையே மீண்டும் பார்ப்பார். இரு திசைகளும் சந்திக்கும் இடத்திற் பொந்துள்ள மரம் நிற்கும். புவியியல் மாணவர் இதனை வேறொரு பெயரால் அறிவர். அளவைக் கருவி கொண்டு செய்தாற் புள்ளிகளும் பெறுவர். மரத்தைக் கண்டபின் கைக்கோடரியின் பிடியினால் தட்டிப் பார்த்துப் பொந்தின் உயரத்தைக் கணிப்பார். பச்சிலை சுற்றிய புகையை ஊட்டி, கைநுழையும் அளவுக்கே வெட்டி, வதையில் ஒரு பங்கை உள்ளே விட்டு, வெட்டிய வாயை மரத்துண்டும் மண்ணும் கொண்டு அடைத்துவிட்டே திரும்புவார். அடைக்காது விட்டால் அடுத்த ஆண்டு அப்பொந்திற் குடி இராது. ‘பேண்தகு பயன்பாடு’ என்ற சொற்றொடரை அவர் கேள்விப்பட்டதில்லை. அச்சொற்றொடரை நாள்தோறும் உச்சரிப்போர் எவரும் அவ்வாறு ஒரு பொந்தை அடைத்ததும் இல்லை.

இது இன்பச் சுற்றுலா அன்று. பாலை பழுக்கும் காலத்திற் கரடியும் அதே மரத்தை நாடும். கரடி தாக்கினால் முகத்தையே தாக்கும். கண்ணிழந்து, தாடை கிழிந்து வாழ்பவர்களை வன்னி ஊர்களிற் காணலாம். பெருந்தேன் கொட்டினால் கிளையில் நிற்பவன் கையை விட முடியாது. காட்டினுட் புகுமுன் ஐயனாருக்கென ஒரு குழையை முறித்து மரத்திலே தொங்கவிட்டுச் செல்லும் வழக்கத்தை மூடநம்பிக்கை எனச் சிரிப்பவர் உளர். பரீட்சை மண்டபத்துக்குள் நுழையுமுன் குறிஞ்சிக்குமரனுக்கு நேர்த்தி வைப்போர் அச்சிரிப்பிற் கலந்துகொள்வதுதான் வேடிக்கை.

இனி நமது கல்விக்கு வருவோம். குறிஞ்சி நிலத்தின் கருப்பொருள்களுட் தொழில் யாது என வினவினால், தேனழித்தல், கிழங்கு அகழ்தல், தினை காத்தல் என மனனம் செய்தவற்றைத் தமிழ் பயில்வோர் ஒப்புவிப்பர். முல்லைக்கு நிரை மேய்த்தல் என்பர். இத்தொழில்கள் யாவும் பேராதனையிலிருந்து சில மணிநேரப் பயணத் தொலைவில் இன்றும் நடைபெறுகின்றன என்பதோ, அவற்றைச் செய்பவன் நீதவான் நீதிமன்றிலே தண்டப்பணம் கட்ட வரிசையில் நிற்கிறான் என்பதோ விடைத்தாளில் இடம்பெறுவதில்லை. திணை என்பது நூலில் இருக்கும்வரை அழகு. அது சாரம் உடுத்து, கோடரி தோளில் இட்டு எதிரே வந்தால் ‘காட்டான்’. திண்ணன் ஊனும் தேனும் கொண்டு காளத்தி மலை ஏறியதைக் கேட்டுக் கண்ணீர் மல்குகிறோம். ஆயின் அத்திண்ணன் இன்று அவ்வாறு ஒரு சரணாலயத்திலிருந்து இறங்கி வந்தால் அவனை முதலில் எதிர்கொள்பவர் சிவாசாரியார் அல்லர், காவல் உத்தியோகத்தரே.

நாட்டார் வழக்காற்றியல் பயில்வோர் இவ்விடத்து மறுப்புரைக்கக்கூடும். குருவிப்பள்ளும் பன்றிப்பள்ளும் தொகுக்கப்படவில்லையா? யானையை அடக்கிய அரியாத்தையின் கதையைக் கூறும் வேலப்பணிக்கன் ஒப்பாரி அச்சேறவில்லையா? உண்மை, அத்தொகுப்புப் பணியின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிட நாம் விழையவில்லை. ஆயினும் பன்றிப்பள்ளின் ஓசையை ஆராய்ந்தவர்கள், பன்றி அழித்த சேனையில் எஞ்சியது எத்தனை மரைக்கால் குரக்கன் என்று கேட்டார்களா? பாட்டை எடுத்துக்கொண்டு பாடியவனை விட்டுவந்தால் அதற்குப் பெயர் ஆய்வா, அறுவடையா? இவ்விடயத்திற் புனைகதையாளர் புலமையாளரிலும் மேலானவர்கள். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் வெளிவந்தபோது தண்ணிமுறிப்பின் காடும் வயலும் மனிதரும் தமிழ் வாசகன் முன் முழு உருவுடன் வந்து நின்றனர். அதற்கு அறுபது ஆண்டுகள் முன்னரே, அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக 1908 முதல் 1911 வரை கடமையாற்றிய லெனாட் வூல்ஃப், காட்டூர் ஒன்றின் அழிவை நாவலாக எழுதினார். அதன் நாயகனான சிலிந்து ஒரு வேட்டைக்காரன். சட்டத்தை நடைமுறைப்படுத்திய கையே அச்சட்டம் யாரை நசுக்கியது என்பதையும் எழுதியமை நமது கவனத்துக்குரியது.

அச்சட்டத்தின் வரலாறு யாது? 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடு, தரிசு, குடியற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும் மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியன என அனுமானித்தது. சேனை நிலம் ஓரிரு ஆண்டுகள் பயிரிடப்பட்டுப் பின்னர் பல ஆண்டுகள் மீளக் காடாகும்படி விடப்படுவது. அவ்வாறு ஓய்ந்திருக்கும் நிலத்தைப் ‘பயிரிடப்படாத நிலம்’ என வகைப்படுத்தல், உறங்குபவனை இறந்தவன் எனப் பதிந்துவிட்டு அவனது வீட்டை எடுத்துக்கொள்வதற்கு ஒப்பானது. உறுதியும் தோம்பும் இல்லாத கிராமத்தவன் மறுதலையை எங்ஙனம் நிறுவுவான்? பாட்டன் வெட்டிய அடிக்கட்டையைக் காட்டுவான். நீதிமன்றம் கடதாசியைக் கேட்கும். இவ்வாறு முடிக்குரியதாகிய மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களாக விற்கப்பட்டன. காட்டை அழிக்கிறான் என்று சேனை செய்தவனை ஏசிய அதே ஆட்சி, மலைகளையே மொட்டையடித்து விற்றது.

விலங்குகள் பற்றிய கதை இதனினும் வெளிப்படையானது. எமர்சன் டெனன்ட் தமது நூலிற் குறித்துள்ளவாறு, 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டமைக்கு அரசு வெகுமதி வழங்கியது. மேஜர் றொஜர்ஸ் என்ற ஒரேயொரு இராணுவ அதிகாரி 1,400 க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் புகழப்பட்டார். சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டை அனுபவங்களை 1854 இல் நூலாக்கிப் பெயர் பெற்றார். இவர்கள் எவரும் ‘காட்டான்’ எனப்படவில்லை. ‘விளையாட்டு வீரர்’ எனப்பட்டனர். விலங்குகள் அருகத் தொடங்கியதும், 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தவர்களும் பெரும்பாலும் வேட்டையாடிய கனவான்களே. தமது துவக்குகளுக்கு இரை குன்றுகிறதே என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. 1900 இல் யால ஒதுக்கிடமாக்கப்பட்டது. அதன் அயலிலே, இந்நாட்டில் வதியும் வேட்டைக் கனவான்களுக்கென ஒரு தனி ஒதுக்கிடமும் பேணப்பட்டது. அங்கே உரிமத்துடன் சுட்டவன் விளையாடினான். அயற் கிராமத்திலே தன் சேனையைக் காக்க இடியன் துவக்கை எடுத்தவன் களவாடினான். செயல் ஒன்று, பெயர் இரண்டு. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும், மறுவருடம் உருவான யால, வில்பத்து தேசிய பூங்காக்களும் இப்பரம்பரையிலே தோன்றியவைதாம்.

சுதந்திரத்தின் பின் நிலைமை மாறியதா? 1983 இல் மதுறுஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம் முன்னோர் வேட்டையாடிய காட்டிலிருந்து வேடர் குடும்பங்கள் ஹெனானிகல குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டன. 1998 இல் மறைந்த அவர்தம் தலைவர் ஊருவரிகே திசாஹாமி தம்பானையை விட்டு அகல மறுத்து நின்றமை நாடறிந்தது. வாகரைப் பகுதியிலே தமிழ் பேசி வாழும் கரையோர வேடரின் நிலை நாடும் அறியாதது, நாமும் அறியாதது. எனவே இது ஓர் இனத்தின் முறைப்பாடு அன்று. மொணராகலையிற் சேனை செய்யும் சிங்களவனும், முசலியின் முஸ்லிமும், ஒட்டுசுட்டானின் தமிழனும் காட்டுக் காவலன் முன் ஒரே குற்றவாளியாகவே நிற்கின்றனர்.

இங்கு ஓர் எதிர்வாதத்துக்கு விடை கூறவேண்டும். “அப்படியாயிற் காட்டையும் விலங்கையும் அழிக்க அனுமதி கேட்கிறீர்களா?” என நகரத்து இயற்கை ஆர்வலர் வினவுவர். வினா நியாயமானது. இம்மனிதனை மாசற்ற ‘இயற்கையின் குழந்தை’யாகத் தீட்டும் நோக்கம் நமக்கில்லை, அத்தகைய சித்திரமும் அவனை மனிதனாக மதிக்காத சித்திரமே. கட்டுத்துவக்கு கொடியது, மரைக்கும் மனிதனுக்கும் வேறுபாடு அறியாது. விறகுக்குப் போனவரின் கால் அதனாற் சிதைந்த சம்பவங்கள் உண்டு. தீனியுள் மறைத்த வெடி யானைக்கன்றின் வாயைப் பிளந்து, உண்ணவியலாது பல நாள் வதைத்துக் கொல்லும் செயலுக்கு எவ்வித சமாதானமும் இல்லை. 2023 இல் மாத்திரம் இந்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த யானைகளே 5,879 என்பதை நினைக்க, இழப்பின் பாரம் விளங்கும்.

ஆயின், இவ்வழிவை நிறுத்தப் பிடிக்கப்படுபவன் யார் என்பதையும் நோக்குக. காட்டிறைச்சி காட்டூரில் மட்டும் உண்ணப்படுவதில்லை. மரை வத்தல் பொதிகளாகி நகரத்துக்குச் செல்கிறது. விருந்தினர் வந்தால் ‘வன்னிச் சாமான்’ எனப் பெருமையுடன் பரிமாறப்படும் இல்லங்களை நாம் அறியோமா? முதிரையும் பாலையும் லொறியிற் செல்கின்றன; அந்த லொறியின் சொந்தக்காரன் காட்டோரக் கொட்டிலில் வசிப்பவன் அல்லன். வாங்குபவன் கனவான், கடத்துபவன் முதலாளி, வெட்டியவனே குற்றவாளி. மூவருள் மிகக் குறைந்த பணம் பெற்றவனுக்கே விலங்கு பூட்டப்படுகிறது. இரவு முழுவதும் பரணிற் காவலிருந்தும் விடியற்காலையிற் சேனை முழுதும் மிதிபட்டுக் கிடக்கக் கண்டவனுக்குக் கிடைப்பது சில யானைவெடிகளும், விண்ணப்பப் படிவமும், நெடுங்காத்திருப்புமே. பயிரழிவின் முழுச் சுமையையும் ஏழையின் தோளில் ஏற்றிவிட்டு, யானையை நேசிக்குமாறு அவனுக்கு அறிவுரை கூறுவது மலிவான நேசம். யானை தன் தோட்டத்துக்கு ஒருபோதும் வாராது என்ற உறுதியோடு நேசிப்பது எவர்க்கும் எளிதே.

போருக்குப் பிந்திய நிலை தனியே குறிப்பிடத்தக்கது. எண்பதுகளிலிருந்து 2009 வரை வன்னி மக்கள் ஒருமுறையன்றிப் பலமுறை இடம்பெயர்ந்தனர். ஆளற்ற வயலிலும் சேனையிலும் காடு ஏறியது; சில இடங்களிற் கண்ணிவெடியும் புதைந்தது. திரும்பி வந்தவர்கள் தம் நிலத்தின் நடுவே எல்லைக்கல்லைக் கண்டனர். முன்னர் கூறிய பெரியப்பாவின் சேனையிலும் ஒரு கல் நிற்கிறது. கேட்கச் சென்ற அலுவலகத்தில், இது காடு என்பதற்கு நிற்கும் மரங்களே சாட்சி என அவருக்கு விடையளிக்கப்பட்டது. அம்மரங்களின் வயதும் அவரது இடம்பெயர்வின் வயதும் ஒன்று என்பதைக் கேட்க அங்கு எவருக்கும் நேரமிருக்கவில்லை. 1840 இன் தருக்கம் இன்னும் சாகவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? 1990 இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் ஊர்களை அண்டிய மறிச்சுக்கட்டி – கரடிக்குளிப் பகுதி 2012 இல் ஒதுக்குக்காடாக அறிவிக்கப்பட்டதும், அதனைத் தொடர்ந்த வழக்குகளும் வாதங்களும் செய்தித்தாள்களை நிரப்பின. அவ்வாதத்தில் அரசியல்வாதியும் சூழலியலாளரும் பேசிய அளவுக்கு அக்காட்டிற் பட்டிமாடு மேய்த்தவன் பேசவில்லை. அவனை எவரும் அழைக்கவுமில்லை. 2015 இல் சுண்டிக்குளமும் மடு வீதியும் தேசிய பூங்காக்களாக உயர்த்தப்பட்டன. பூங்கா வேண்டாம் என்பது நம் வாதமன்று. எல்லை கீறப்படும் மேசையில், அந்த நிலத்தைக் காலால் அறிந்தவனுக்கு ஓர் ஆசனம் இல்லை என்பதே நம் வாதம்.

அயல்நாடான இந்தியாவில் 2006 இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், தலைமுறைகளாகக் காட்டில் வாழ்வோர் தேன் முதலிய சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமையையும் மேய்ச்சல் உரிமையையும் ஏற்றுக்கொண்டது. அச்சட்டம் அங்கு சீராக நடைமுறையாகவில்லை என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் நடைமுறையில்லையே என்று போராடுவதற்கேனும் அங்கு ஒரு சட்டம் உண்டு; இலங்கையில் அதற்கிணையான சட்டமே இல்லை. வதையின் ஒரு பங்கை விட்டுவைப்பவனையும், மரத்தையே அடியோடு சாய்த்துத் தேன் எடுப்பவனையும் பிரித்தறியும் பிரிவொன்று நமது சட்டங்களில் எழுதப்படல் வேண்டும். அதனை எழுத வேண்டுமாயின் முதலில் அவ்வேறுபாட்டை அறிந்தவர்கள் வாக்குமூலம் அளிக்க வேண்டும். அவ்வாக்குமூலத்தைத் தமிழிற் பதியக்கூடியவர்கள் நாம்.

கலைப்பீடத்தில் ஆண்டுதோறும் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிப் பாருங்கள். ஒரே நாவலாசிரியரின் பெண் பாத்திரங்கள் பற்றி எத்தனை, ஒரே கவிஞரின் உவமைகள் பற்றி எத்தனை! அவற்றுள் ஒரு சிலவற்றையேனும் குறைத்துக்கொண்டு, ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் மடுவிலும் ஊர் ஊராகச் சேனைகளின் பெயர்களையும், அவற்றை வெட்டிய குடும்பங்களையும், விட்ட ஆண்டுகளையும், மேய்ச்சற் பாதைகளையும், நீர் மடுக்களையும் எழுதித் தேசப்படத்திற் குறித்தால் என்ன? புவியியல் மாணவரிடம் கருவி உண்டு; தமிழ் மாணவரிடம் மொழி உண்டு; சட்டம் பயில்வோரும் நாட்டில் இல்லாமற் போய்விடவில்லை. அடுத்த நீண்ட விடுமுறைக்கு இன்னும் நான்கு மாதங்களே உள்ளன. எந்தச் சேனை எவர் காலத்தில் வெட்டப்பட்டது என்பதை எல்லைக்கல்லின் துணையின்றிச் சொல்லக்கூடியவர்கள் எழுபது வயதைத் தாண்டிவிட்டனர்.